பல் இடிக்கிறதா? கடியையும் தாடை அசைவையும் அறிய ஒரு முழுமையான வழிகாட்டி

பல்லை அடைத்துக்கொண்டோ கேப் (பல்லின் மேல் மாட்டும் உறை) போட்டுக்கொண்டோ வீடு திரும்பிய ஒருவர் மறுநாள் காலையில் தொலைபேசியில் அழைத்து, "டாக்டர், கடிக்கும்போது அந்தப் பல்லு மட்டும் முன்னாடியே இடிக்குதுங்க" என்று சொல்வது, கடலூரில் பல் மருத்துவம் பார்க்கும் எனக்கு நன்கு பழகிய குரல். அதற்கு "ரெண்டு நாள்ல பழகிடும்" என்று சொல்லும் மறுமொழியும் நம் ஊர்ப் பக்கம் அதே அளவுக்குப் பழகிப்போனது. இந்த வழிகாட்டியை எழுதத் தூண்டியது அந்த மறுமொழிதான். ஒரு பல் உயரமாக இருப்பதை உணரும் கருவி நோயாளியின் வாய்க்குள்ளேயே இருக்கிறது. அதைப் பழக்கத்தின் கையில் ஒப்படைத்துவிடுவது சரியில்லை. ஆனால் எங்கே இடிக்கிறது, வாயை மூடும்போதா பக்கவாட்டில் அரைக்கும்போதா, முதலில் படுவது எது என்று தெளிவாகச் சொல்ல முடிந்தால்தான் அந்த உணர்வு மருத்துவருக்குப் பயன்படும். அப்படிச் சொல்வதற்கு வேண்டியதைப் படிப்படியாகத் தருகிறேன். நல்ல வெளிச்சம், முகம் பார்க்கும் கண்ணாடி, பிள்ளைகளின் அளவுகோல் ஒன்று, சோப்புப் போட்டுக் கழுவிய கைகள், பத்து நிமிடப் பொறுமை ஆகியவை இருந்தால் போதும்.

முதல் படி: எது எதனோடு சேர்கிறது

கடைவாய்ப்பல் ஒன்றைக் கண்ணாடியில் உற்றுப் பார்த்தால், அதன் மேற்பரப்பு தட்டையாக இல்லாமல் மேடும் குழியுமாக இருப்பதைக் காணலாம். மேடு ஒவ்வொன்றும் உலக்கை என்றால், எதிர்ப்பல்லின் குழி அதற்கான உரல். மேல்பல்லின் நாக்குப் பக்க மேடுகள் கீழ்ப்பல்லின் குழிகளில் இறங்குகின்றன. கீழ்ப்பல்லின் கன்னப் பக்க மேடுகள் மேல்பல்லின் குழிகளில் ஏறிப் பொருந்துகின்றன. வாயை மூடும்போது தாங்குபவை இந்த இரு வரிசை மேடுகளே. மற்ற இரு வரிசைகளும், அதாவது மேலே கன்னப் பக்கமும் கீழே நாக்குப் பக்கமும் இருப்பவை, கன்னத்தையும் நாக்கையும் பற்களுக்கு இடையில் சிக்காமல் ஒதுக்கி நிறுத்துகின்றன. அடிக்கடி ஒரே இடத்தில் கன்னத்தைக் கடித்துக்கொள்கிறவருக்கு அந்த இடத்தில் மேலும் கீழும் உள்ள விளிம்புகள் நேருக்கு நேர் சந்திக்கின்றனவா என்று பார்ப்பது என் வழக்கம்.

மேல்வரிசை சற்று அகன்றது. எவர்சில்வர் டப்பாவின் மூடி டப்பாவின் வாயை வெளியிலிருந்து கவ்வுவது போல அது கீழ்வரிசையைச் சுற்றி அமர்கிறது. இன்னொரு நுட்பமும் உண்டு: ஒரு பல் ஒரே ஒரு எதிர்ப்பல்லோடு மட்டும் இணைவதில்லை. மேல்பல் ஒவ்வொன்றும் தன் பெயருடைய கீழ்ப்பல்லையும், அதற்குப் பின்னால் உள்ளதையும் சேர்த்துத் தொடுகிறது. கீழ் முன்பற்களில் நடுவிலுள்ள இரண்டும், மேல்வரிசையின் கடைசிப் பற்களும் மட்டுமே ஒற்றைத் துணை கொண்டவை. செங்கல் அடுக்கும் கொத்தனார் ஒரு வரிசையின் மூட்டுக்கு மேல் அடுத்த வரிசையின் மூட்டு வராமல் பார்த்துக்கொள்வாரே, அதைப் போன்ற அமைப்பு இது. ஒரு பல்லைப் பிடுங்கினால் ஏன் மூன்று நான்கு பற்கள் இடம் மாறுகின்றன என்பதற்கு விடை இங்கேயே இருக்கிறது; அதற்குப் பிறகு வருகிறேன்.

பல் எலும்பில் ஆணி போல இறுகியிருக்கவில்லை. வேருக்கும் எலும்புக்கும் நடுவே ஏறக்குறைய கால் மில்லிமீட்டர் இடைவெளியில் நார்கள் அதைத் தொட்டில் போலத் தாங்குகின்றன. அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள் அந்த நார்களுக்கு இடையில் உள்ளன. இயற்கைப் பற்கள் இரண்டுக்கு நடுவில் 0.02 மில்லிமீட்டர் தடிமனுள்ள தகடு வைத்தாலும், தலைமுடியை விட மெல்லிய அதை, மனிதர் உணர்ந்துவிடுகிறார். "ரூட் கேனால் செய்து நரம்பை எடுத்துவிட்டீர்களே, பிறகு எப்படி இடிப்பது தெரிகிறது?" என்று கேட்பவர்கள் உண்டு. எடுக்கப்பட்டது பல்லுக்கு உள்ளே இருந்த நரம்பு; வேரைச் சுற்றியுள்ள உணர்வு அப்படியே இருக்கிறது. மாறாக, எலும்பில் திருகிப் பதித்த இம்பிளான்ட் பல்லுக்கு அந்த நார்த்தொட்டில் கிடையாது. அது உயரமாக இருந்தாலும் மந்தமாகத்தான் தெரியும். எனவே அதைச் சரிபார்க்கும் பொறுப்பு மருத்துவருக்குக் கூடுகிறது.

இரண்டாம் படி: சும்மா இருக்கும்போது பார்த்தல்

நிமிர்ந்து உட்காருங்கள். தலையை எதிலும் சாய்க்காமல், உதட்டை ஈரமாக்கி, எச்சிலை விழுங்கிவிட்டு, தாடையைத் தளர விடுங்கள். இப்போது மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொட்டுக்கொண்டிருக்கின்றனவா? தொடக் கூடாது. உதடுகள் சேர்ந்திருக்க, பற்களுக்கு நடுவில் 2 முதல் 4 மில்லிமீட்டர் வெளி இருப்பதே இயல்பு. பற்கள் ஒன்றையொன்று தொடுவது மெல்லும்போதும் விழுங்கும்போதும்தான். ஒரு நாள் முழுவதையும் கூட்டினாலும் அது ஏறக்குறைய 20 நிமிடத்தைத் தாண்டாது. மீதி நேரமெல்லாம் தசைக்கும் மூட்டுக்கும் ஓய்வு.

பலர் இதைக் கேட்டதும் வியக்கிறார்கள். வாயை மூடினால் பல்லும் சேர வேண்டும் என்றே நினைத்திருக்கிறார்கள். வண்டி ஓட்டும்போதும் கைபேசியைப் பார்க்கும்போதும் கணக்கு எழுதும்போதும் பல்லைச் சேர்த்து அழுத்தியிருப்பதை அவர்கள் தாங்களே பிடித்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். நெற்றிப்பொட்டில் வலி, காலையில் தாடை இறுக்கம் என்று வருபவருக்கு மாத்திரைக்கு முன்பு நான் சொல்லும் முதல் பாடம் இந்த வெளியைக் காப்பதுதான்.

மூன்றாம் படி: மூடிப் பார்த்தல்

இனி மெதுவாக வாயை மூடுங்கள். பல்லைக் கடித்து அழுத்த வேண்டாம். முதல் தொடுதல் எங்கே நிகழ்கிறது என்பதை மட்டும் கவனியுங்கள். இரு பக்கமும் ஒரே கணத்தில் தொடுவது நல்லது. ஒரு பல் முந்தித் தொட்டு, பிறகு தாடை சற்றே முன்னாலோ பக்கத்திலோ நழுவி முழுமையாகப் பொருந்துகிறதா? பெரும்பாலானோருக்கு ஒரு மில்லிமீட்டர் அளவு நழுவல் இயல்பாகவே உண்டு. அதை நோயாகக் கருதி அஞ்ச வேண்டியதில்லை. புதிதாகத் தொடங்கிய நழுவலும், கன்னம் ஒரு பக்கம் கோணும் அளவுக்கு உள்ள நழுவலும் சொல்லத்தக்கவை.

முழுமையாகப் பொருந்திய நிலையில் உதட்டை விரித்து முன்பற்களைப் பாருங்கள். மேல் முன்பல் கீழ் முன்பல்லை 2 முதல் 3 மில்லிமீட்டர் மறைப்பதும், அதே அளவு முன்னால் நிற்பதும் இயல்பு. எத்துப்பல் என்று நாம் சொல்வது இந்த முன்தள்ளல் மிகுந்த நிலை. பிறகு சுட்டுவிரலால் கன்னத்தை ஒதுக்கி, பக்கத்தைப் பாருங்கள். ஆறு வயதில் முளைத்து நிலைக்கும் முதல் கடைவாய்ப்பல், நடுவிலிருந்து எண்ணினால் ஆறாவது, இங்கே அடையாளக் கல் போன்றது. அமெரிக்கப் பல் மருத்துவர் எட்வர்ட் ஆங்கிள் 1899இல் வகுத்த முறை இன்றும் உலகெங்கும் பயன்படுகிறது. மேல் ஆறாம் பல்லின் முன்பக்க வெளிமேடு, கீழ் ஆறாம் பல்லின் வெளிப்பள்ளத்தில் நேராக அமர்ந்தால் முதல் வகை. கீழ்ப்பல் பின்தங்கியிருந்தால் இரண்டாம் வகை. முந்தியிருந்தால் மூன்றாம் வகை. மூன்றாம் வகையில் கீழ்த்தாடை முன்னால் நீண்டு தெரிவதுண்டு.

இந்த வகைப்பாட்டை வைத்து உங்கள் வாய்க்கு நீங்களே மதிப்பெண் போட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். இரண்டாம் வகைக் கடியோடு எண்பது வயதிலும் பண்ருட்டி முந்திரியை நொறுக்கித் தின்னும் பெரியவர்களை நான் பார்த்துவருகிறேன். வகை என்பது மருத்துவர்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் முகவரி மட்டுமே. நன்றாக மெல்ல முடிகிறதா, வலியில்லையா, பற்கள் ஒரே இடத்தில் தேயாமல் இருக்கின்றனவா என்பவைதாம் கேள்விகள்.

நான்காம் படி: அசைத்துப் பார்த்தல்

கடி என்றால் பற்கள் மூடிய நிலை என்றே பாடப்படங்கள் நம்மைப் பழக்கிவிட்டன. உண்மையில் அது ஒரு நடை. நின்றுகொண்டிருக்கும்போது செருப்பு பொருந்துவதும் நடக்கும்போது பொருந்துவதும் வேறு வேறு அல்லவா? பல்லும் அப்படித்தான்.

முதலில் திறத்தல். கண்ணாடியில் நடுக்கோட்டைப் பார்த்தபடி மெதுவாக முழுமையாக வாயைத் திறங்கள். முன்பற்களின் விளிம்புகளுக்கு நடுவே அளவுகோலைப் பிடித்தால் வளர்ந்தவருக்கு 40 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருக்கும். கோல் இல்லாவிட்டால் உங்கள் மூன்று விரல்களை அடுக்கிச் செங்குத்தாக நுழைத்துப் பாருங்கள். முதல் 20 முதல் 25 மில்லிமீட்டர் வரை தாடை மூட்டு கதவுக்கீல் போலச் சுழல்கிறது. அதற்கு மேல் திறக்கும்போது மூட்டின் உருண்டையே தன் குழியை விட்டு முன்னால் வழுக்கி இறங்குகிறது. சுழலவும் வழுக்கவும் செய்யும் மூட்டு என்பதால்தான் தாடைக்கு இத்தனை சுதந்திரம். காதுத் துளைக்குச் சற்று முன்னால் விரல் நுனியை வைத்துக்கொண்டு திறந்தால், உருண்டை முன்னே நகர்ந்து ஒரு பள்ளம் விழுவதை நீங்களே தொட்டறியலாம்.

மூன்று விரல் நுழையாமல் வாய் சிறுத்துக்கொண்டே வருகிறது, காரம் பட்டால் எரிகிறது, கன்னத்தின் உட்புறம் வெளுத்து விறைத்திருக்கிறது என்றால் அது மூட்டின் கோளாறாக இராமல் பாக்கின் விளைவாக இருக்கலாம். கொட்டைப்பாக்கும் பாக்குப் பொட்டலங்களும் வாயின் உட்தோலை நாராக இறுக்கிவிடும். அது புற்றுநோய்க்கு முன்னோடியாகக் கருதப்படும் நிலை. இதற்கு ஒரு நாளும் காத்திருக்கக் கூடாது. பாக்கை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

அடுத்து முன்னசைவு. பற்களை இலேசாகச் சேர்த்து, கீழ்த்தாடையை முன்னே நகர்த்தி, முன்பற்களின் விளிம்பும் விளிம்பும் சந்திக்கச் செய்யுங்கள். பொங்கலுக்குப் பன்னீர்க் கரும்பைக் கடிக்கும்போது நாம் அறியாமலே செய்வது இதுதான். அந்த நிலையில் கடைவாய்ப்பற்கள் ஒன்றையொன்று விட்டு விலகியிருக்க வேண்டும். மூட்டின் உருண்டை சரிவில் இறங்குவதாலும், கீழ் முன்பல் மேல் முன்பல்லின் உட்புறத்தில் வழுக்கி இறங்குவதாலும் அந்த இடைவெளி உண்டாகிறது.

பிறகு பக்கசைவு. பற்களைத் தொட வைத்துக்கொண்டே கீழ்த்தாடையை வலப்பக்கம் நகர்த்துங்கள். பலருக்கு வலது கோரைப்பல் மட்டும் தன் எதிர்ப்பல்லின் மீது ஏறி, மற்ற எல்லாப் பற்களையும் பிரித்துவிடும். கோரைப்பல்லின் வேர் எல்லாப் பற்களிலும் நீளமானது; மூட்டிலிருந்தும் தசையிலிருந்தும் தள்ளி நிற்பதால் அதன் மீது விழும் விசையும் குறைவு. பாக்குவெட்டியின் ஆணிக்கு அருகில் பாக்கை வைத்தால் எளிதில் நொறுங்கும், நுனியில் வைத்தால் நொறுங்காது. வாயில் ஆணி இருக்கும் இடம் தாடை மூட்டு. எனவே சறுக்கல் வேலையை நுனியில் நிற்கும் கோரைப்பல் ஏற்றுக்கொள்வது பின்பற்களுக்குக் காப்பு. வயது ஏற ஏறக் கோரைப்பல் தேய்ந்து, அதே பக்கத்துப் பற்கள் பல சேர்ந்து அந்தப் பாரத்தைப் பகிர்வதும் உண்டு. அதுவும் நலமான அமைப்புதான்.

கவனிக்க வேண்டியது எதிர்ப்பக்கம். வலப்பக்கம் நகரும்போது இடப்பக்கக் கடைவாய்ப்பற்கள் உரசக் கூடாது. புதிய கேப் போட்டபின் இந்த எதிர்ப்பக்க உரசல் வந்திருந்தால், வாயை நேராக மூடும்போது எல்லாம் சரியாகத் தோன்றும். சோறு மெல்லும்போது மட்டும் பல் கூசும். இடப்பக்கமும் இதே சோதனையைச் செய்யுங்கள். பக்கசைவில் நடுக்கோடு 7 முதல் 10 மில்லிமீட்டர் வரை நகரும்.

ஸ்வீடன் நாட்டுப் பல் மருத்துவ ஆய்வாளர் உல்ஃப் பொசெல்ட் 1952இல் கீழ் முன்பல்லின் நுனி செல்லக்கூடிய எல்லைகள் அனைத்தையும் வரைந்து காட்டினார். அந்த வரைபடத்தில் நாம் உணவு மெல்லும் பாதை நடுவில் ஒரு சிறிய துளி வடிவமாகவே இருக்கிறது. கீழிறங்கி, உணவிருக்கும் பக்கம் ஒதுங்கி, மேலேறிக் குழியில் அமர்கிறது. அந்தத் துளியின் மேல்முனையில்தான் பல்லும் பல்லும் சந்திக்கின்றன. அங்கே குறுக்கே நிற்கும் ஒரு துளி அடைப்புப் பொருள் ஒவ்வொரு கவளத்துக்கும் தடைக்கல்லாகிறது.

ஐந்தாம் படி: மூட்டையும் தசையையும் தொடுதல்

பல்லை ஒருமுறை இறுகக் கடித்துக் கன்னத்திலும் நெற்றிப்பொட்டிலும் கைவைத்தால் தசை புடைப்பது தெரியும். தளர்த்திவிட்டு அந்த இடங்களை விரல் நுனியால் மிதமாக அழுத்துங்கள். இரு பக்கமும் ஒப்பிடுங்கள். ஒரு பக்கம் மட்டும் வலித்தால் குறித்துக்கொள்ளுங்கள். மூட்டில் ‘டக்’ என்ற ஒலி கேட்டால் உடனே பயப்பட வேண்டாம். உருண்டைக்கும் குழிக்கும் நடுவில் உள்ள நார்த்தட்டு இடம் விலகி மீண்டும் சேரும்போது வரும் ஒலி அது. வலியும் அடைப்பும் இல்லாத ஒலிக்குப் பொதுவாக வைத்தியம் தேவையில்லை. முன்பு ஒலித்த மூட்டு திடீரென ஒலிப்பது நின்று, வாயும் இரண்டு விரலுக்கு மேல் திறக்காமல், தாடை ஒரு பக்கம் ஒதுங்கினால் அது வேறு கதை. விரைவில் காட்ட வேண்டும்.

ஆறாம் படி: அடைத்தபின்னும் கேப் போட்டபின்னும்

இந்தப் படியைத்தான் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். ஏனெனில் என் தவறு ஒன்றிலிருந்து கற்றது இது. தொழில் தொடங்கிய ஆண்டுகளில், கடலூர் முதுநகரில் மீன் விற்கும் அம்மா ஒருவருக்குக் கீழ்க் கடைவாய்ப்பல்லில் கேப் பொருத்தினேன். மரத்துப்போகும் ஊசி போட்ட நிலையில், நாற்காலியில் சாய்ந்து படுத்திருந்தவரை "கடிங்கம்மா" என்று சொல்லி, தொடும் இடத்தில் மை பதிக்கும் தாளால் பல்லில் விழுந்த புள்ளிகளைச் சரிசெய்து அனுப்பிவிட்டேன். வியாபாரத்தை விட்டுவிட்டு வர முடியாததால் அவர் பன்னிரண்டு நாள் கழித்தே வந்தார். அதற்குள் ஒரு பக்கத் தலைவலிக்கு வெயில்தான் காரணம் என்று நினைத்து மாத்திரை வாங்கி விழுங்கியிருக்கிறார். "பழகிடும்னு பாத்தேன் சார், பழகவே இல்ல" என்றார். நிமிர்த்தி உட்காரவைத்துப் பக்கவாட்டில் அரைக்கச் சொன்னபோது, கேப்பின் உட்சரிவில் ஒரே ஒரு பளபளப்பான தடம் தெரிந்தது. அதை நீக்க இரண்டு நிமிடம் ஆயிற்று. பன்னிரண்டு நாள் வலியை அந்த இரண்டு நிமிடம் முன்பே தடுத்திருக்கும் என்பது இன்றுவரை என்னை உறுத்துகிறது.

அன்றிலிருந்து நான் கடைப்பிடிக்கும் வரிசையை, நாற்காலியில் அமரும் நீங்களும் அறிந்திருப்பது நல்லது. வேலை தொடங்கும் முன்பே, ஊசிக்கு முன்னால், எல்லாப் பற்களும் எங்கே தொடுகின்றன என்று தாளில் கடிக்கவைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். நோயாளிகள் கார்பன் தாள் என்று சொல்லும் அந்த நிறத்தாளில் பல தடிமன்கள் உண்டு. 0.2 மில்லிமீட்டர் தடித்த தாள் தொடாத இடத்திலும் மை பூசி ஏமாற்றும், 0.04 மில்லிமீட்டர் தாள் நம்பத்தக்கது. எச்சில் ஈரத்தில் மை ஒட்டாது என்பதால் பல்லைத் துடைத்துக் காயவைக்க வேண்டும். வேலை முடிந்ததும் நோயாளியை நிமிர்த்தி உட்காரவைக்க வேண்டும். மல்லாந்து படுத்திருக்கும்போது தாடை சற்றுப் பின்வாங்கும், எனவே படுத்து மூடும் வழியும் உட்கார்ந்து மூடும் வழியும் ஒன்றல்ல. முதலில் சிவப்புத் தாளை வைத்துப் பக்கவாட்டிலும் முன்னாலும் அரைக்கச் சொல்லி, பிறகு கறுப்புத் தாளை வைத்து நேராகத் தட்டச் சொன்னால், கறுப்பு படாத சிவப்புக் கோடுகள் எல்லாம் அசைவில் மட்டும் நிகழும் உரசல்கள் என்று பிரித்தறியலாம்.

பெரிய மைப்புள்ளி என்றால் பெரிய அழுத்தம் என்று பொருளில்லை. நடுவில் மை இல்லாமல் சுற்றிலும் வளையம் விழுந்த இடமே பெரும்பாலும் பலமாக இடிக்கும் இடம். அழுத்தம் மையை வெளியே தள்ளிவிடுகிறது. ஐயம் இருந்தால் 0.008 மில்லிமீட்டர் உலோகத் தகட்டைப் பக்கத்துப் பல்லில் வைத்துக் கடிக்கச் சொல்லி இழுத்துப் பார்ப்பேன். முன்பு பிடித்துக்கொண்ட இடத்தில் இப்போது வழுவி வந்தால், புதிய பல் இன்னும் உயரமாகவே உள்ளது.

மரப்பு இருக்கும்போது வேரைச் சுற்றிய உணர்வும் மங்கியிருக்கும். எனவே அன்று நீங்கள் "சரியாக இருக்கிறது" என்று சொன்னது இறுதித் தீர்ப்பாகாது. மரப்பு முழுவதும் விலகிய பிறகு, அன்றிரவோ மறுநாள் காலையிலோ, மேலே சொன்ன மூன்றாம் நான்காம் படிகளை ஒருமுறை செய்து பாருங்கள். இடித்தால் ஒரு வாரம் காத்திருக்காமல் தொலைபேசியில் இப்படிச் சொல்லுங்கள்: "நேராக மூடும்போது சரியாக இருக்கிறது; இடப்பக்கம் மெல்லும்போது புதுப்பல் முந்தித் தொடுகிறது." இந்த ஒரு வாக்கியம் மருத்துவருக்கு அரை மணி நேரத் தேடலை மிச்சப்படுத்தும். குளிர்ந்த நீர் பட்டால் கூசுவது சில நாட்களில் தானே தணியக்கூடும். பழகக்கூடியது அந்தக் கூச்சம்தான். உயரம் தானாகக் குறையாது, பல் அதற்கு இடம் கொடுத்து ஒதுங்கும் அல்லது வேரைச் சுற்றி வீக்கம் கொள்ளும். ஜிர்கோனியா என்னும் கடினமான வெள்ளைப் பொருளால் ஆன கேப்பைத் தேய்த்த இடத்தில் மீண்டும் மெருகேற்றச் சொல்லிக் கேளுங்கள். சொரசொரப்பாக விட்டால் எதிர்ப்பல்லை அரம் போல ராவிவிடும்.

பல் போன இடமும் பல்செட்டும்

பிடுங்கிய பல்லின் இடத்தை வெறுமையாக விட்டால், எதிரே துணையை இழந்த பல் மெல்ல இறங்கி வரும். பின்னால் உள்ள பல் முன்னே சாயும். சில ஆண்டுகள் கழித்துப் பல் கட்ட வரும்போது உயரத்துக்கே இடமிராது. கடைசிப் பல்லைத் தவிர மற்றவற்றுக்கு, மாற்றுப்பல் வைப்பதைத் தள்ளிப்போடாமல் முடிவெடுப்பது சிக்கனமும் ஆகும்.

முழுப் பல்செட்டுக்கு விதி வேறு. அதற்கு வேர் இல்லை. ஈறின் மீது அமர்ந்திருக்கும் பலகை அது. இயற்கைப் பல்லில் கெடுதல் என்று நான் சொன்ன எதிர்ப்பக்கத் தொடுதல் இங்கே வேண்டப்படுகிறது. ஒரு பக்கம் கடித்தால் மறுபக்கம் தூக்கிக்கொள்ளாமல் இருக்க இரு பக்கமும் சேர்ந்து தொட வேண்டும். பல்செட்டின் உயரம் சரியா என்பதைப் பேச்சே காட்டிக்கொடுக்கும். "சரஸ்வதி, சிவசாமி" என்று சொல்லும்போது பற்கள் கடகடவென்று மோதினால் உயரம் மிகுதி. உதட்டோரம் மடிந்து, வெடித்து, தாடை மூக்கை நோக்கி ஏறியது போல முகம் சுருங்கினால் உயரம் குறைவு. புதுப் பல்செட் புண்ணாக்கினால் வீட்டில் அரத்தால் ராவாதீர்கள். புண் தெரிய வேண்டும் என்பதால், காட்ட வரும் நாளன்று சில மணி நேரம் முன்பே அதை அணிந்துகொண்டு வாருங்கள்.

பல்லை நறநறவெனக் கடிப்பவர்கள்

உறக்கத்தில் பல் கடிப்பதற்குக் கடியின் கோளாறே காரணம் என்று ஒருகாலத்தில் நம்பி, உயரமான இடங்களையெல்லாம் ராவி எடுத்தார்கள். இன்றைய அறிவு, அதன் தோற்றம் மூளையின் உறக்க இயக்கங்களில் என்று கருதுகிறது. எனவே தாடை வலிக்காகவோ உறக்கக் கடிப்புக்காகவோ நல்ல பற்கள் பலவற்றைத் தேய்த்துவிட யாராவது சொன்னால், இன்னொரு மருத்துவரின் கருத்தைக் கேட்காமல் ஒப்புக்கொள்ள வேண்டாம். எனாமல் மறுபடி வளராது. எல்லாப் பற்களையும் மூடும் கடினமான இரவுக் கவசம் பல்லைத் தேய்விலிருந்து காக்கும், கழற்றவும் முடியும். முன்பற்களை மட்டும் மூடும் சிறு கவசத்தை நாள் முழுவதும் மாதக்கணக்கில் அணிந்தால் மற்றப் பற்கள் நகர்ந்து கடியே மாறிவிடக்கூடும்.

பிள்ளைகளுக்கு

சுருக்கமாகச் சொல்கிறேன். பால் பற்கள் 20. ஆறு வயதில் அவற்றுக்குப் பின்னால் எதுவும் விழாமலேயே முளைக்கும் பல் நிலையான பல். பால் பல் என்று நினைத்துச் சொத்தையை விட்டுவிடுபவர்கள் கடியின் அடையாளக் கல்லையே இழக்கிறார்கள். எட்டு ஒன்பது வயதில் மேல் முன்பற்கள் நடுவில் இடைவெளி இருப்பது, கோரைப்பல் வந்ததும் பெரும்பாலும் மூடிக்கொள்ளும். நான்கு வயதுக்கு மேலும் விரல் சூப்புவதும், மூடும்போது தாடை ஒரு பக்கம் நழுவுவதும், மேல் முன்பல் கீழ்ப்பல்லுக்கு உள்ளே அமர்வதும் கிளிப் போடும் வயது வரை காத்திருக்கத் தகாதவை.

உடனே காட்ட வேண்டியவை

கொட்டாவி விட்ட பிறகு வாய் மூட முடியாமல் திறந்தபடியே நின்றால் மூட்டு இறங்கிவிட்டது என்று பொருள். கன்னத்தில் அடிப்பதோ வீட்டில் பிடித்துத் தள்ளுவதோ கூடாது. மருத்துவமனையில் முறைப்படி கீழே அழுத்திப் பின்னே தள்ளிச் சேர்ப்பார்கள். காய்ச்சலும் வீக்கமும் சேர்ந்து வாய் திறக்க இயலாவிட்டால் அன்றே செல்ல வேண்டும். சிதம்பரம் அண்ணாமலை நகரில் உள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரியிலும், புதுச்சேரியில் கோரிமேட்டுப் பக்கம் உள்ள மகாத்மா காந்தி பல் மருத்துவ நிறுவனத்திலும் இத்தகைய சிகிச்சைக்கான துறைகள் உள்ளன.

விபத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே இருசக்கர வண்டியில் செல்பவர் விழும்போது முகவாயில் அடி படுவது உண்டு. முகவாயில் விழுந்த அடி மேலேறி, காதுக்கு முன்னால் உள்ள மூட்டின் கழுத்தை முறிக்கக்கூடும். வெளியில் தெரிவதோ முகவாயில் ஒரு சிறு கிழிசல் மட்டுமே. கிழிசலுக்குத் தையல் போட்டு வீட்டுக்கு வந்த சில நாட்களுக்குப் பிறகு, பின்பற்கள் மட்டும் தொட்டு முன்பற்கள் சேராமல் நிற்பதைக் கண்டு வருபவர்கள் இருக்கிறார்கள். ஆகவே தையல் மேசையில் இருக்கும்போதே பல்லைச் சேர்த்துப் பாருங்கள். நேற்று வரை சேர்ந்தது போல இன்று சேரவில்லை என்றால், ரத்தம் நின்றுவிட்டாலும் வலி குறைவாக இருந்தாலும், எதிரில் நிற்கும் மருத்துவரிடம் "என் பல் முன்பு போலச் சேரவில்லை" என்று சொல்லி, தாடைக்கு எக்ஸ்ரே எடுக்கக் கேளுங்கள்.